தாபோர் ஒளி: கோயிலும் கோட்பாடும்

இறைவனை ஒளியாகக் கண்டு போற்றுதல் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான மரபு. ஆயினும், அடியவர் காணும் அவ்வொளி இறைவனைச் சார்ந்ததா, அன்றி அவன் படைத்த பொருள்களுள் ஒன்றா? இவ்வினா பதினான்காம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் துறவு மடங்களையும் அரசவையையும் ஒருங்கே கலக்கியது. அதற்கான முதல் தீர்ப்பு, ஒளிக்கென்றே எழுப்பப்பட்டதோ எனத் தோன்றும் ஒரு கோயிலில் வழங்கப்பட்டது.

அக்கோயில் கான்ஸ்டாண்டிநோபிளின் ஹேகியா சோபியா. கி.பி. 532இல் மூண்ட கலகத்தில் நகரின் பழைய பெருங்கோயில் தீக்கிரையானது. அவ்விடத்திலேயே பேரரசர் ஜஸ்டினியன் புதிய கோயிலை எழுப்புவித்தார். அந்தேமியுஸ், இசிதோர் என்னும் இருவர் வகுத்த அமைப்பில் அது 537இல் நிறைவெய்தியது. 558இல் இடிந்து வீழ்ந்த குவிமாடம் முன்னினும் உயரமாகக் கட்டப்பெற்று, 562இல் கோயில் மீண்டும் அருச்சிக்கப்பட்டது. ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள அம்மாடத்தின் அடியைச் சுற்றி 40 சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே பாயும் வெயில், இடையிலுள்ள தாங்குசுவரைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது; மாடம் வானிலிருந்து தொங்குவது போல் தோன்றுகிறது. இக்கோயிலின் ஒளி கதிரவனிடமிருந்து வராமல் உள்ளேயே பிறக்கிறதோ என வியந்தார் சமகால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். அரண்மனை அலுவலரும் கவிஞருமான பவுல், இரவில் எரியும் அதன் விளக்குகள் கடலோடிகளுக்கு வழிகாட்டுவதாகப் பாடினார்.

கோயிலின் சித்திரவேலையும் இந்நோக்கத்திற்கே துணைநின்றது. கண்ணாடியில் பொன்னிழை பதித்த சிறு சில்லுகளைச் சற்றே சாய்த்துப் பதிப்பது பைசாந்தியக் கலைஞரின் வழக்கம். காண்போர் நடக்க நடக்கச் சுவரும் மின்னும். நிலைத்த சித்திரம் அசைவது போலிருக்கும்.

எட்டு நூற்றாண்டுகள் கழிந்தபின், ஆதோஸ் மலைத் துறவியர் மோனத்தில் அமர்ந்து, மூச்சோடு இயேசுவின் திருப்பெயரை இணைத்துச் செபித்தனர். தாபோர் மலையில் கிறித்து உருமாறியபோது சீடர் கண்ட ஒளியையே தாமும் காண்பதாக அவர்கள் கூறினர். தென் இத்தாலியிலிருந்து வந்த அறிஞர் பார்லாம் இதனை எள்ளி நகையாடி, அவர்களைக் கொப்பூழில் ஆன்மாவை வைத்தோர் என்றார். இறைவன் அறிவுக்கு எட்டாதவன் எனில், ஊனக் கண் காண்பது எங்ஙனம் அவனுடைய ஒளியாகும் என்பது அவர் வாதம்.

அவ்வாதம் நின்றால் துறவியரின் வாழ்நாள் தவம் வெறும் மயக்கமாகிவிடும். அதனை முற்றாக மறுத்தாலோ இறைவனின் எட்டாமை குலையும். இவ்விருதலைச் சிக்கலுக்கு விடை தேடியவர் கிரகோரி பலமாஸ். இறைவனின் உள்ளியல்பு எவர்க்கும் எட்டாதது. அவனிடமிருந்து பெருகும் அருளாற்றலோ படைக்கப்படாதது, மாந்தர் பங்குபெறத் தக்கது. கதிரவனை நெருங்க இயலாதவரும் கதிரில் நனைவதுபோல், அருளால் மாற்றமுற்ற கண்ணும் அவ்வொளியைக் காணும் என்றார் அவர்.

1341 ஜூன் 10 அன்று, பேரரசர் மூன்றாம் அந்திரோனிக்கஸ் தலைமையில் ஹேகியா சோபியாவில் கூடிய சங்கம் பார்லாமின் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. ஐந்தே நாளில் பேரரசர் மறைந்தார். அரியணைக்கான உள்நாட்டுப் போர் மூண்டது. கொள்கைப் பூசல் அரசியல் பூசலோடு பின்னிக்கொள்ள, பலமாஸ் சிறையுண்டார். 1346இல் அப்பெருங்கோயிலின் குவிமாடத்திலும் ஒரு பகுதி சரிந்தது. 1347இல் போரில் வென்ற கந்தகூசனோஸ் பலமாசின் ஆதரவாளர். 1351ஆம் ஆண்டுச் சங்கம் அக்கோட்பாட்டை உறுதிசெய்தது. இத்தாலிக்குத் திரும்பிய பார்லாமோ, கவிஞர் பெத்ரார்க்கிற்குக் கிரேக்கம் கற்பித்தார். துறவியரின் ஒளியை மறுத்தவரே மேலைக் கவிஞர் ஒருவர்க்கு ஓமரின் மொழியை அறிமுகப்படுத்தினார் என்பது வரலாற்றின் விந்தை.

வென்ற கோட்பாட்டின் சாயலை ஓவியத்திலும் உணரலாம். அரசு துறந்து துறவியான கந்தகூசனோசுக்காக 1370க்கும் 1375க்கும் இடையே எழுதப்பட்ட ஏடொன்றில் தாபோர்க் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. 1378இல் கிரேக்க ஓவியர் தியோபனஸ் ருசிய நாட்டு நோவ்கோரத்தில் தீட்டிய முனிவர்களின் செந்நிற மேனியில், வெண்கீற்றுகள் மின்னலெனப் பாய்கின்றன. அவ்வொளி அவர்தம் முகத்தையும் கையையும் தீண்டுகிறது.

ஹேகியா சோபியா 1453இல் பள்ளிவாசலாயிற்று. 1934ஆம் ஆண்டு ஆணையால் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. வழிபாடு மாறினும் சாளரங்களின் வழியே வெயில் இறங்குவது மாறவில்லை. அது வெறும் வெயில் என்பார்க்கும் அதற்கப்பால் ஒன்றைக் காண்பார்க்கும் அக்கோயில் இடமளித்தே நிற்கிறது. அழியும் உடம்பை இழித்துரையாமல், அதன் கண்ணுக்கும் பேரொளியில் பங்குண்டு என வாதிட்டுச் சிறைபுகுந்த பலமாசின் துணிவு, சொல்லால் ஒளி தேடும் கவிஞர் எண்ணிப் பார்க்கத் தக்கது.