காயல் துறையிலிருந்து வாகைக்குளம் வரை

ஸ்ரீவைகுண்டத்திற்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், நெல்லை - தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டி வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது. 1992-இல் சிறு விமானங்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். வளைகுடாவில் பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் குடும்பங்களும், ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருக்கும் பெரியவர்களும் இம்முனையத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இங்கிருந்தே ஜித்தாவுக்கும் துபைக்கும் ஏறிச் செல்லும் நாள் எப்போது? இதைப் புதிய ஆசை என்று எண்ணுவோர் இந்தப் பொருநைக் கரையின் பழைய கதையை அறியாதவர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைக் குறிப்பிட்டு, ஹுர்முஸ், கீஸ், ஏதன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் இங்கே தங்கிச் செல்வதாக எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இன்னும் விரிவானது. கீஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகள் 1,400-ஐ ஆண்டுதோறும் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. மற்ற அரபுத் துறைகளிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10,000 குதிரைகள். வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடலின் ஆபத்தை வாங்குபவர் தலையில் சுமத்திய வணிகரின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை! ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்களின் நிர்வாகம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இன்று குடிவரவுச் சோதனை என்றும் சுங்கம் என்றும் நாம் அழைக்கும் பணிகளுக்கு அன்று பொறுப்பு வகித்தவர் ஒரு முஸ்லிம் அமைச்சர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாய் விரித்தால் அரபுக் கரைக்கு நேர்வழி. தென்மேற்குக் காற்று திரும்ப அழைத்து வரும். இடையில் வேறு ஊர் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆனால் துறைமுகத்தை வளர்த்த ஆறே அதை மூடியது. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கிற்று. கொற்கைக்கு முன்னரே நேர்ந்த கதி பழைய காயலுக்கும் நேர்ந்தது. இரண்டும் இன்று உள்நாட்டு ஊர்கள். கடல் வாணிபம் தூத்துக்குடிக்கு இடம் பெயர்ந்தது.

1906-இல் வ.உ. சிதம்பரனார் அங்கே சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். அவற்றில் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். மொத்த மூலதனமான பத்து லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது! காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. ஆங்கிலேயக் கம்பெனியின் போட்டியும், 1908-இல் வ.உ.சி. சிறை சென்றதும் அம்முயற்சியை முறித்தன. 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

அதன் பின்னர் நம் மக்களின் சபுர் எல்லாம் பிறர் வாசல் வழியாகவே நடந்தது. 1995 வரை இந்திய ஹாஜிகளுக்கு மும்பையிலிருந்து கப்பல் இருந்தது. வளைகுடா வேலைக்குச் செல்வோருக்குத் திருவனந்தபுரம் வாசலாயிற்று. 1935-இல் முதல் விமானம் கண்ட அந்நிலையம் 1991-இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டது. நெல்லையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம், கொழும்புக்கு, 2012-இல்தான் பறந்தது.

ஹஜ் பயணிகளுக்குத் தமிழகத்தில் சென்னை ஒன்றே புறப்பாட்டுத் தலம். 2022-இல் அதுவும் பட்டியலில் இடம்பெறாமல், தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று ஏற நேர்ந்தது. அடுத்த ஆண்டே சென்னை மீட்கப்பட்டாலும், புறப்படும் வாசல் நம் கையில் இல்லை என்பதை அவ்வாண்டு நன்றாகவே உணர்த்தியது. எழுபது வயதைக் கடந்த தாயாரையும் தந்தையாரையும் இஹ்ராம் துணியுடன் இரவு ரயிலில் சென்னைக்கு அழைத்துச் சென்றவர்களுக்கும், திரும்பும்போது ஐந்து லிட்டர் ஸம்ஸம் புட்டியை மடியில் வைத்தபடி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இறங்கியவர்களுக்கும் இத்தொலைவின் அருமை தெரியும்.

வாகைக்குளத்தில் இதுவரை குறுக்கே நின்றது ஓடுதளத்தின் நீளம். 1,350 மீட்டர் தளத்தில் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களே இறங்கின. அவற்றால் அரபுக்கடலைத் தாண்ட இயலாது. இப்போது தளம் 3,115 மீட்டர். ஏ-321 வகை விமானங்கள் இறங்கத்தக்கது. முனையம் 17,340 சதுர மீட்டர், ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளுக்கானது.

கட்டடமும் தளமும் மட்டும் ஒரு நிலையத்தைப் பன்னாட்டு நிலையமாக்கிவிடுவதில்லை. குடிவரவு அதிகாரிகள், சுங்கச்சாவடி, சுகாதாரச் சோதனை ஆகியவற்றை நடுவண் அரசு அமர்த்த வேண்டும். அதன் பின்னரே விமான நிறுவனங்கள் வெளிநாட்டுத் தடம் கேட்கும். அவை கேட்பதற்கும் பயணிகளின் கணக்கு வேண்டும். திருவனந்தபுரத்திலும் மதுரையிலும் ஏறும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் அங்குள்ள பட்டியல்களில்தான் எண்ணப்படுகின்றனர். காயல்பட்டினம், மேலப்பாளையம், ஏர்வாடி, பேட்டை ஜமாஅத்துகள் தம் ஊரிலிருந்து ஆண்டுதோறும் ஹஜ், உம்ரா, வளைகுடா செல்வோரின் தொகையைத் திரட்டி, விமான நிலைய ஆணையத்திடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனுவாக அளித்தால், அந்தக் கணக்கு வாகைக்குளத்தின் பெயரில் எழுதப்படும்.