அரசின் ஊதியம், தனியாரின் நிர்வாகம்: வடசென்னை நோக்கில் அரசு உதவிபெறும் பள்ளிகளின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1991ஆம் ஆண்டு பட்டயப் பள்ளிகளுக்கான சட்டத்தை இயற்றியது. அதன்படி, அரசு சாராத ஒரு குழு, அனுமதி வழங்கும் அமைப்புடன் குறித்த காலத்திற்கு ஒப்பந்தம் செய்துகொண்டு பள்ளியை நடத்தும். செலவை அரசு ஏற்கும். மாணவரிடம் கட்டணம் பெறக் கூடாது. ஒப்புக்கொண்ட கற்றல் பயன் விளையாவிடில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். பொதுப்பணம், தனியார் நிர்வாகம் என்னும் இந்த இணைப்பு தமிழகத்திற்குப் புதியதன்று. ‘அரசு உதவிபெறும் பள்ளி’ என்னும் பெயரில் அது இங்கு ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அப்பள்ளியின் வளர்ச்சியையும், அதில் பயில்வோரின் இன்றைய நிலையையும் இக்கட்டுரை வடசென்னையை முன்னிறுத்தி ஆராய்கிறது.

மானிய முறையின் தோற்றம்

1854 ஜூலை 19 நாளிட்ட சார்லசு வுட்டின் கல்வி அறிக்கையே மானிய முறைக்கு அடித்தளமிட்டது. நல்ல உலகியற்கல்வி, பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசு ஆய்வாளரின் மேற்பார்வைக்கு உடன்படுதல், சிறிதளவேனும் கட்டணம் பெறுதல் ஆகியன அதன் நிபந்தனைகள். சென்னை மாகாணத்தில் மானியம் இருவழிகளில் வழங்கப்பட்டது. ஆசிரியர் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றது ஒரு வழி. ஆய்வாளர் நடத்தும் தேர்வில் தேறிய மாணவர் கணக்கிற்கேற்பத் தொகை அளித்தது மற்றொரு வழி. இரண்டாவது வழி மனப்பாடத்தையே வளர்த்தது என்னும் குறை எழுந்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் அதனைக் கைவிடும்படி கூறியது. விளைவுக்கேற்ற நிதி என்னும் கொள்கை, பட்டயப் பள்ளிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்குச் சோதிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

வடசென்னைப் பள்ளிகளின் நிறுவனர்கள்

1856இல் இராயபுரத்திலிருந்து தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. துறைமுகமும் ஆலைகளும் வளர, மீனவரும் படகோட்டிகளும் வாழ்ந்த கரையில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. இங்குப் பள்ளிகளை நிறுவியோரை மூவகைப்படுத்தலாம். முதலாமவர் கிறித்தவச் சபையினர். இராயபுரம் நார்த்விக் பெண்கள் பள்ளி இவ்வகையினது. இரண்டாமவர் சமூகத் தலைவர்கள். கொருக்குப்பேட்டையில் பிறந்த பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் பள்ளி கண்டார். மூன்றாமவர் தொழில் நிறுவனத்தார். முருகப்பா குழுமத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை திருவொற்றியூரில் வெள்ளையன் செட்டியார் மேனிலைப்பள்ளியை நடத்துகிறது.

இவர்களுள் தியாகராயர் இருபுறமும் நின்றவர். தனியார் பள்ளியின் நிறுவனரான அவரே சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கும் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது.

1973ஆம் ஆண்டுச் சட்டமும் 1991ஆம் ஆண்டு வரம்பும்

தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை)ச் சட்டம், 1973, இந்த உறவை முறைப்படுத்தியது. பள்ளிக்குழு ஆசிரியரை நியமிக்கும். கல்வித்துறை அந்நியமனத்திற்கு ஒப்புதல் அளித்து ஊதியம் வழங்கும். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. ஆதலின் குழந்தைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். கட்டடமும் இடமும் நிர்வாகத்தின் பொறுப்பு.

பின்னர் இச்சட்டத்தில் 14-அ பிரிவு சேர்க்கப்பட்டது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என்பது அதன் சாரம். மின்னசோட்டா கதவைத் திறந்த ஆண்டையே தமிழகம் கதவடைப்பின் எல்லையாக வகுத்தது. அதன்பின் எழுந்த தனியார் பள்ளிகள் கட்டணத்தை நம்பியே வளர்ந்தன. பழைய உதவிபெறும் பள்ளிகளோ, அக்கட்டணத்தைச் செலுத்த இயலாத குடும்பங்களின் புகலிடமாகத் தொடர்ந்தன.

இடைநிலை மாணவர்

இவ்வரலாற்றின் சுமை இன்று மாணவர் மீது விழுகிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்பில் வழங்கிய 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்க்கு மட்டுமே உரியது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளை 2025 ஆகஸ்டு 26 அன்றுதான் எட்டியது. புதுமைப்பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கே உரியதாக இருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர் பின்னரே சேர்க்கப்பட்டனர். ஒரே மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் இருவருள் ஒருவர் மாநகராட்சிப் பள்ளியிலும் மற்றவர் உதவிபெறும் பள்ளியிலும் பயிலலாம். இருவர்க்கும் கற்பிப்போரின் ஊதியம் பொதுப்பணமே. உரிமைகள் மட்டும் வேறுபடுகின்றன.

முடிவுரை

உதவிபெறும் பள்ளியை அரசு ஊதியத்தாலும் ஒழுங்குமுறையாலும் பொதுப்பள்ளியாகவே நடத்துகிறது. நலத்திட்டப் பயன்களை வகுக்கும்போது, பெரும்பாலும், தனியார் பள்ளியாக ஒதுக்கித் தொடங்குகிறது. நிர்வகிப்பவர் யார் என்பதை அளவுகோலாகக் கொள்வதால் நேரும் முரண் இது. பயில்பவர் யார், செலவை ஏற்பவர் யார் என்பனவற்றை அளவுகோலாகக் கொண்டால், இப்பள்ளிகள் பொதுக்கல்வியின் பகுதியே என்பது புலனாகும்.