வில்லிவாக்கம் முதல் முகப்பேர் வரை: உறுப்பு தானம் குறித்த ஐயத்தின் வரலாறு

முன்னுரை

ஆவடியை அடுத்த சேக்காட்டில், விபத்தில் அடிபட்டவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது உடன் செல்வோரிடம் முதியவர்கள் ஓர் எச்சரிக்கை சொல்லி அனுப்புவதை இக்கட்டுரையாளர் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறார்: “கூடவே இரு, கிட்னிய எடுத்துடப் போறாங்க.” விழிப்புணர்வுப் பரப்புரைகள் இத்தகைய பேச்சை அறியாமை என்றும் மூடநம்பிக்கை என்றும் வகைப்படுத்துகின்றன. அது அறியாமையன்று, ஊரின் நினைவு என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆவடியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் ஆறாவது நிலையம் வில்லிவாக்கம். அந்நினைவின் தொடக்கம் அங்கே உள்ளது.

கிட்னிவாக்கம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றபோது, கொடுப்பவரும் பெறுபவரும் உறவினராக இருக்க வேண்டும் என்னும் வரையறையை மருத்துவமே விதித்திருந்தது. உறவல்லாதார் உறுப்பைப் பெறுபவரின் உடல் எளிதில் ஏற்பதில்லை. 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து புழக்கத்துக்கு வந்ததும் அவ்வரையறை தளர்ந்தது. உறவு கட்டாயமில்லை என்றான இடத்தில் தரகர் நுழைந்தார். சென்னையின் தனியார் மருத்துவமனைகளுக்கு உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நோயாளிகள் வந்தனர். கூலி வேலை செய்து கடனில் வாழ்ந்த வில்லிவாக்கத்து மக்கள் சிறுநீரகம் விற்றனர். ஊர்ப் பெயரே ‘கிட்னிவாக்கம்’ எனத் திரிந்தது. அக்காலத்தில் இது ஒளிவுமறைவாக நடந்ததன்று. கொடுப்பவருக்குப் பணம் தருவதில் தவறில்லை என்று மருத்துவர் கே.சி. ரெட்டி போன்றோர் வெளிப்படையாகவே வாதிட்டனர்.

விற்றவர்கள் என்ன ஆயினர் என்பதற்குச் சான்று உண்டு. மாதவ் கோயல் குழுவினர் 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேர்கண்டு, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவுகளை வெளியிட்டனர். விற்றவருள் பெரும்பாலோர் பெண்கள். 96 விழுக்காட்டினர் கடனடைக்கவே விற்றனர். ஆயினும் முக்கால்வாசிப் பேர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். பேசிய தொகை முழுவதும் பலருக்குக் கைக்கு வரவில்லை. இந்த அனுபவத்தை ஒரு தெரு மற்றொரு தெருவுக்குச் சொல்லும்போது அது “கிட்னிய எடுத்துடுவாங்க” என்று சுருங்குவதில் வியப்பில்லை. விற்பனை என்பது திருட்டு என மாறிய ஒன்றே அதிலுள்ள பிழை. ஏமாற்றப்பட்டவரின் நோக்கில் அதுவும் பெரிய பிழையாகாது.

சட்டமும் அதன் வாயிலும்

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இரண்டு செயல்களை ஒருங்கே செய்தது. உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைத்தண்டுச் சாவை உறுப்பெடுப்புக்குரிய சாவாக ஏற்றது. ஆனால் நெருங்கிய உறவினரல்லாதாரும் ‘அன்பு அல்லது பற்று’ காரணமாக, அங்கீகாரக் குழுவின் ஒப்புதலுடன் உறுப்பு தரலாம் என்றொரு வாயிலைத் திறந்தும் வைத்தது. தரகர் அவ்வழியே திரும்பி வந்தார். முன்பின் அறியாதவர்கள் குழுவின் முன் நெடுநாள் அன்பர்களாக அமர்ந்தனர். 2007 தொடக்கத்தில், ஆழிப்பேரலையால் பெயர்ந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்றிருந்தது வெளியானபோது, சட்டம் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

2008

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளை வழங்கினர். தேனாம்பேட்டையிலிருந்து அவனது இதயம் முகப்பேரில், அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையிலுள்ள மருத்துவமனைக்குக் காவல்துறை ஒதுக்கித் தந்த வழியில் பதினொரு நிமிடங்களில் வந்து சேர்ந்ததாக நாளிதழ்கள் எழுதின. மருத்துவர் கே.எம். செரியன் குழுவினர் அதை ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தினர். அம்பத்தூர், ஆவடி மக்கள் நாள்தோறும் கடக்கும் வட்டாரத்தில் நிகழ்ந்தமையால் இச்செய்தி இங்கே தனி வலிமை பெற்றது. வில்லிவாக்கத்துக்கும் முகப்பேருக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான்.

தமிழ்நாட்டின் உறுப்பு தானத் திட்டம் அச்சிறுவனின் தியாகத்தால் பிறந்தது எனக் கூறுவது வழக்காகிவிட்டது. அது பாதி உண்மை. எர்ணாவூர்ச் செய்திக்குப்பின் அரசு நடத்திய ஆலோசனைகளின் விளைவாக 2008இல் அரசாணைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பொதுக் காத்திருப்புப் பட்டியல், ஒதுக்கீட்டு முறை, ஒருங்கிணைப்பாளர் பதவி ஆகியன அவற்றால் உருவாயின. 2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. ஹிதேந்திரன் மக்கள் மனத்தைத் திறந்தான் என்றால், திறந்த மனம் நம்பிப் பற்றுவதற்கு ஒரு வரிசைமுறை அப்போது ஆயத்தமாக இருந்தது.

மருத்துவமனை அறையில்

ஆனால் ஐயம் எழும் இடம் அரசாணையன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயில். தமிழில் சாவைக் குறிக்கும் வழக்குகள் மூச்சைச் சார்ந்தவை: மூச்சு நின்றது, உயிர் பிரிந்தது. செயற்கைச் சுவாசத்தில் மார்பு ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது, திரையில் இதயத்துடிப்பு ஓடுகிறது. அந்நிலையில் ‘மூளைச்சாவு’ என்னும் புதுச்சொல், சாவின் ஒரு வகை, அதாவது முழுமையடையாத சாவு என்றே கேட்போர் காதில் விழுகிறது.

இதற்கு மருத்துவமனைகள் கண்ட விடை நடைமுறை சார்ந்தது. நான்கு மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அதில் இடம்பெறலாகாது. சாவை அறிவிப்பவர் தானம் கேட்பதில்லை. சற்று நேரம் கழித்து, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் தனியே அமர்ந்து பேசுகிறார். இப்பயிற்சியைப் பரவலாக்கியதில் 1997இல் சென்னையில் மருத்துவர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளைக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும் ஒரு முரண் எஞ்சி நிற்கிறது. ஆய்வாளர்கள் இதற்குப் போதிய கவனம் தரவில்லை என்பது என் எண்ணம். இந்தியச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை உறுப்பு மாற்றின் பொருட்டே வரையறுக்கிறது. தானத்துக்கு இசைந்தால் உடல் அறுவை அரங்குக்குச் செல்கிறது. மறுத்தால் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தத் தெளிவான சட்டத் துணை இன்றி மருத்துவர் தயங்குகிறார். சிகிச்சை தொடர்கிறது, கட்டணமும் ஏறுகிறது. கொடுத்தால் பிணம், மறுத்தால் நோயாளி. இதைக் கண்ணால் காணும் குடும்பம் “உண்மையிலேயே இறந்துவிட்டாரா?” என்று கேட்பது தருக்கமே.

மீண்டும் ஐயம்

2017இல் தமிழ்நாட்டில் நடந்த இதய மாற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வெளிநாட்டவர்க்கு நடந்ததாக 2018இல் நாளிதழ்கள் எழுதின. அவ்வாண்டே, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை சிகிச்சைக் கட்டணத்தைக் காட்டிக் குடும்பத்தை நெருக்கி உறுப்புகளைப் பெற்றதாக எழுந்த புகாரின் பேரில், கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதினார். இதயம் சில மணி நேரமே தாங்கும், பட்டியலில் இந்தியர் எவரும் ஏற்க முன்வராதபோதே வெளிநாட்டவர்க்குத் தரப்படுகிறது என்பது மருத்துவமனைகளின் விளக்கம். விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அறுவைச் செலவைத் தாங்க இயலாத ஏழை, கொடுப்போர் வரிசையில் மட்டுமே நிற்கிறார் என்பதையும் அவ்விளக்கமே ஒப்புக்கொள்கிறது.

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மாவட்ட ஆட்சியர் மாலையுடன் வந்து நிற்கும் வீட்டைப் பற்றி, உறுப்பைத் திருடிவிட்டார்கள் என்று தெரு பேசுவது கடினம். பரப்புரைச் சுவரொட்டிகள் ஆண்டுக்கணக்கில் செய்யாததை இம்மரியாதை செய்யக்கூடும். ஆனால் அது இறந்தோரின் கொடைக்கு உரியது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தொழில் வேறு, மாவட்டம் வேறு; விற்றதற்குச் சொல்லப்பட்ட காரணம் வில்லிவாக்கத்தில் சொல்லப்பட்ட அதே காரணம்.