ஊசல் எழுப்பிய வினா

சுழலியக்கத்தைக் கற்கத் தொடங்கும் மாணாக்கர் தொடக்கத்திலேயே ஒரு வாய்பாட்டைச் சந்திக்கின்றனர். பொருளின் ஒவ்வொரு துகளின் நிறையையும், அச்சிலிருந்து அது விலகி நிற்கும் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுக என்பது அது. வரும் தொகையைத் தமிழகப் பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் சடத்துவத் திருப்பம் என்கின்றன. தொலைவை ஏன் வர்க்கமாக்க வேண்டும் என்று எழுந்து நின்று கேட்கும் மாணவன் அரியன். அவனுக்கு நேராக விடை கூறும் பாடநூல் அவனினும் அரிது. ஆயின் அந்த வர்க்கம் எவரோ விதித்த விதியன்று. அதனைக் கண்டறிந்து ஐயமற நிலைநாட்ட ஐரோப்பிய அறிஞர்க்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வினா ஊசலிலிருந்து பிறந்தது. ஊசல் ஆடும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது, குண்டின் எடையைப் பொறுத்ததன்று என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருந்தார். ஆனால் அஃது எடையற்ற நூலில் தொங்கும் சிறு குண்டுக்கே பொருந்தும். கனத்த கோலொன்றை ஒரு முனையில் தொங்கவிட்டு ஆட்டினால் அதன் நீளம் என்று எதனைக் கொள்வது? 1646-இல் பாரிசு நகரத்துத் துறவியும் கணித ஆர்வலருமான மெர்சென் இவ்வினாவை அறிஞர் பலர்க்கும் விடுத்தார். டெக்கார்த் விடை பகர்ந்தார். சில எளிய வடிவங்களுக்கு மட்டும் அது பொருந்திற்று. ஆலந்து நாட்டில் 17 வயதினராயிருந்த கிறிஸ்டியான் ஹைகன்சுக்கும் அவ்வினா சென்றது. அவருக்கு அப்போது வழி ஒன்றும் புலப்படவில்லை.

இடர்ப்பாடு எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். எடையற்றதாகக் கருதத்தக்க மெல்லிய கோலொன்றில், மேல்முனையிலிருந்து 30 செ.மீ. தொலைவில் ஒரு குண்டும், 60 செ.மீ. தொலைவில் அதே நிறையுள்ள மற்றொரு குண்டும் பொருத்தப்பட்டுள்ளன என்க. மேற்குண்டு தனியே ஆடினால் விரைந்து ஆடும். கீழ்க்குண்டு தனியே ஆடினால் மெல்ல ஆடும். ஒரே கோலில் பிணைந்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்காகத் தளர்கிறது, ஒன்று மற்றொன்றால் உந்தப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே 45 செ.மீ. என்று சொல்லத் தோன்றும். உண்மை விடை 50 செ.மீ. அந்த 5 செ.மீ. வேறுபாட்டுக்குள்தான் வினா முழுவதும் அடங்கியிருந்தது.

1656-இல் ஊசற் கடிகாரத்தை அமைத்த ஹைகன்சு, பின்னர் இப்பழைய வினாவுக்கே மீண்டார். கடிகாரத்தின் ஊசல் நூலன்று, கோல். அதில் ஒரு சிறு எடையை ஏற்றியும் இறக்கியும் நேரத்தைத் திருத்த வேண்டுமாயின் விடை தெரிந்தே ஆகவேண்டும். 1673-இல் பாரிசில் வெளியிட்ட நூலின் நான்காம் பகுதியில் அவர் விடையை நிறுவினார். அவர் கொண்ட அடிப்படை ஒன்றே: எடைகள் தம் எடையாலேயே இயங்கும்போது அவற்றின் பொது ஈர்ப்பு மையம் தொடங்கிய உயரத்திற்கு மேல் ஏறாது. ஆடும் கோலின் துகள்கள் திடீரெனப் பிணைப்பு நீங்கி, ஒவ்வொன்றும் தன் வேகத்தால் மேலெழுவதாக அவர் எண்ணிப் பார்த்தார். எழும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகமோ அச்சிலிருந்துள்ள தொலைவைப் பொறுத்தது. ஆகவே தொலைவின் வர்க்கம் கணக்கினுள் நுழைந்தது. நம் எடுத்துக்காட்டில் 900-ஐயும் 3600-ஐயும் கூட்டி, 30-உம் 60-உம் சேர்ந்த 90-ஆல் வகுத்தால் 50 வருகிறது.

எல்லாரும் இதனை ஏற்கவில்லை. 1681-இல் கத்தலான் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஹைகன்சின் அடிப்படையையே மறுத்தார். அவர் மறுப்பு தவறானதுதான். எனினும் அதனால் விளைந்த நன்மை பெரிது. கண்கூடான நெம்புகோல் விதியிலிருந்தே விடையைப் பெறவேண்டும் என்று யாக்கோபு பெர்னூலி முனைந்தார். 1686-இல் அவர் செய்த முயற்சியில் குறையிருந்தது. 1703-இல் அதனை நிறைவாக்கினார்.

அவ்வழி பின்வருமாறு. 50 செ.மீ. ஊசலாக ஆடும்போது, மேற்குண்டு தனித்திருந்தால் பெறக்கூடிய முடுக்கத்தில் பத்தில் ஆறு பங்கையே பெறுகிறது. பத்தில் நான்கு பங்கை இழக்கிறது. கீழ்க்குண்டோ பத்தில் இரண்டு பங்கு மிகுதியாகப் பெறுகிறது. இழப்பை 30 என்னும் கையால் பெருக்கினால் 12. மிகுதியை 60 என்னும் கையால் பெருக்கினாலும் 12. தராசு சமநிலையில் நிற்கிறது! இங்கே பெருக்கப்பட்டது விசையும் அதன் கையும். இன்று நாம் திருப்புவிசை என்று கூறுவது அதனையே. தொலைவு இருமுறை வருவதன் காரணமும் இங்கே வெளிப்படுகிறது. தொலைவிலுள்ள துகள் மிகுதியாக முடுக்கப்பட வேண்டும் என்பதால் ஒருமுறை. அதனை முடுக்கும் விசை நீண்ட கையில் நின்று எதிர்க்கிறது என்பதால் மறுமுறை. வகுப்பறையில் கூறத்தக்க விளக்கம் இதனினும் எளியதொன்று இல்லை.

இவ்வளவு நடந்தும் அத்தொகைக்கு நிலையான பெயர் அமையவில்லை. பெயரிட்டவர் ஆய்லர். கப்பல்களின் ஆட்டத்தை ஆராய்ந்து 1749-இல் வெளியிட்ட நூலில் அவர் அத்தொகையைக் கையாண்டார். 1765-இல் வெளிவந்த திண்பொருள் இயக்க நூலில், இன்றும் வழங்கும் பெயரை இலத்தீனில் இட்டார். நேர்க்கோட்டியக்கத்தில் நிறை செய்யும் தொழிலைச் சுழற்சியில் இத்தொகை செய்கிறது என்பதே அவர் காட்டிய ஒப்புமை. கோல், தட்டு, உருளை, கோளம் ஆகியவற்றிற்கு மாணாக்கர் மனப்பாடம் செய்யும் கணக்குகள் அந்நூலிலேயே உள்ளன. பிற்காலத்தவரான ஷ்டைனர் பெயரால் வழங்கும் இணையச்சுத் தேற்றமும் அங்கே உண்டு. பெயர்கள் எப்போதும் உரியவரையே சென்றடைவதில்லை. திருப்புவிசையைக் குறிக்கும் 'டார்க்' என்னும் ஆங்கிலச் சொல்லோ 1884-இல்தான் ஜேம்ஸ் தாம்சனால் முன்மொழியப்பட்டது.

கணக்கிட முடியாத பொருளுக்கு என் செய்வது? உலோகத்தின் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இராது. அப்போது வாய்பாடு கைகொடாது. இதற்கும் ஹைகன்சின் நூலிலேயே ஒரு வாயில் இருந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள சீரான கோல் முனையில் தொங்கினால் 66.7 செ.மீ. நூலூசலோடு ஒத்து ஆடும், முனையிலிருந்து 66.7 செ.மீ. தொலைவில் புள்ளியிட்டு, கோலைத் தலைகீழாக்கி அப்புள்ளியில் தொங்கவிட்டாலும் அதே நேரத்தில்தான் ஆடும். சென்னை மாநிலத்து நில அளவையில் லாம்டனுக்கு உதவியாளராயிருந்த ஹென்றி கேட்டர், பின்னர் இங்கிலாந்தில் இவ்வுண்மையைக் கருவியாக்கினார். பித்தளைக் கோலில் எதிரெதிராக இரு கத்திமுனைகளைப் பொருத்தி, எதில் தொங்கினாலும் ஆட்டநேரம் ஒன்றாகும்வரை சிறு எடையை நகர்த்தினார். பின் அவர் அளக்க வேண்டியிருந்தது அக்கத்திமுனைகளுக்கு இடைப்பட்ட தொலைவை மட்டுமே. இலண்டனில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 39.14 அங்குலம் என்று 1818-இல் அவர் அறிவித்தார்.