உரிமையும் அதனை உரைப்போரும்

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டி வைத்த கதையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்து நீதி பெற்றது. அக்கதையில் பசுவுக்கு மணி எட்டியது. வாயில் வரை நடந்து வர அதற்குக் கால்களும் இருந்தன. நடக்க இயலாதவரும், மணி இருக்குமிடம் காண இயலாதவரும், தம் குறையை எடுத்துரைக்க இயலாதவரும் முறையிட வேண்டின் அவர்கள் பொருட்டுக் கயிற்றைப் பற்றுவார் யார்? அவ்வாறு பற்ற வருவோரின் வாழ்க்கைச் செலவை ஏற்பார் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர். கல்வித் துறையினர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. ஏனெனில், அதன் முதற்பெரும் வழக்குகள் பள்ளிக்கூட வாயிலிலேயே தொடங்கின.

உடற்பேறு குறைந்தோரைப் பற்றிய பழைய எண்ணம் இரக்கத்தின்பாற்பட்டது. அவர்க்கு உணவும் உறையுளும் தந்தால் போதும் என உலகம் கருதியது. உரிமை என்னும் சொல்லை அங்கே கொண்டுவந்து நிறுத்திய அறிஞருள் தலையாயவர் ஜேக்கபஸ் டென்புரோக் ஆவார். 1911இல் கனடாவில் பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1966இல் ‘உலகில் வாழும் உரிமை’ என்னும் தலைப்பில் நீண்டதொரு சட்டக் கட்டுரை வரைந்தார். சாலையில் தோண்டிய குழியை மூடாமல் விட்டுவிட, அவ்வழியே வந்த பார்வையற்றவர் ஒருவர் அதில் வீழ்ந்தால் தவறு யாருடையது? துணையோ கைக்கோலோ இன்றி வெளியே வந்தது அவர் தவறே எனக் கொண்ட தீர்ப்புகளும் அந்நாளில் இருந்தன. தெருவில் நடப்பது அவருக்கும் உரியது என்பதைச் சட்டம் முதலில் ஒப்ப வேண்டும் என டென்புரோக் வாதிட்டார். 1968இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய கருத்தை நீதிமன்றத்தில் வழக்காக உரைக்க வேறு சிலர் வரவேண்டியிருந்தது.

அவர்கள் எங்கிருந்து வந்தனர்? பாஸ்டன் நகர வழக்கறிஞரான ரெஜினால்டு ஹீபர் ஸ்மித் என்பார் 1919இலேயே ‘நீதியும் ஏழையரும்’ என்னும் நூலை எழுதி, வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லாதவர்க்கு நீதியின் கதவு அடைபட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். எனினும், நடுவணரசு தன் நிதியைக் கொண்டு ஏழையர்க்குச் சட்ட உதவி நிலையங்களை நாடெங்கும் அமைக்கத் தொடங்கியது 1965இல்தான். ஈராண்டு கழித்து, 1967இல், ஸ்மித்தின் பெயராலேயே ஒரு நல்கைத் திட்டம் தோன்றியது. ஆங்கிலத்தில் ‘பெல்லோஷிப்’ எனப்படும் இதனைப் பணி நல்கை எனலாம். சட்டம் பயின்று வெளிவரும் இளைஞர்க்குப் பயிற்சியும் ஊதியமும் அளித்து, அவர்களை ஏழையர் பகுதிகளிலுள்ள சட்ட உதவி நிலையங்களுக்கு அனுப்புவது அதன் நோக்கம். பொதுநல வழக்கறிஞர் என்னும் ஒரு தலைமுறை இவ்வாறு உருவாயிற்று.

பிலடெல்பியா நகரின் சட்ட உதவி நிலையத்தில் பணியாற்றிப் பழகியவர் தாமஸ் கில்ஹூல். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் மனவளர்ச்சி குன்றியவர். பென்ஹர்ஸ்ட் என்னும் அரசுக் காப்பகத்தில் வாழ்ந்தவர். அந்நாளில் பென்சில்வேனிய மாநிலச் சட்டம், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்காது தள்ளிவைக்க இடந்தந்தது. ‘கற்பிக்க இயலாதவர்’ என்று முத்திரை குத்தினால் குழந்தையைப் பள்ளியினின்று முற்றும் விலக்கவும் இயன்றது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் சங்கம் 1971 சனவரியில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. கில்ஹூல் வழக்குரைத்தார்.

கறுப்பின மாணவரைப் பிரித்து வைத்தல் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பே அவர்தம் வாதத்திற்கு அடிப்படையாயிற்று. அந்தப் பழைய வழக்கில் பிரிவினைக்காக வாதாடிய வழக்கறிஞர், இவ்வாதத்தை ஏற்றால் மனத்திறனைக் காட்டி மாணவரைப் பிரிக்கவும் மாநிலத்துக்கு உரிமை இராது என அச்சுறுத்தும் நோக்கில் கூறியிருந்தார். எதிர்ப்பாகச் சொன்ன அச்சொல் பிற்காலத்தில் மெய்யாயிற்று!

வழக்கு மன்றத்தில் கல்வி அறிஞர்கள் சாட்சியம் கூறினர். மனவளர்ச்சி குன்றிய எக்குழந்தையும் கல்வியால் பயன்பெறும் என்பதே அவர்கள் கூற்றின் சாரம். மாநில அரசு மேலும் எதிர்வாதம் செய்யாமல் உடன்பாட்டுக்கு வந்தது. 6 வயது முதல் 21 வயது வரையுள்ள அத்தகையோர் அனைவர்க்கும் கட்டணமின்றிக் கல்வி தரவும், பெற்றோர்க்கு அறிவித்து விசாரணைக்கு வாய்ப்பளிக்காமல் ஒரு குழந்தையையும் இடம் மாற்றாதிருக்கவும் அரசு இசைந்தது. 1972 மே மாதத்தில் நீதிமன்றம் இதனை உறுதி செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனில் மற்றொரு தீர்ப்பு வந்தது. பள்ளியினின்று விலக்கப்பட்ட ஏழு குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்டது அவ்வழக்கு. சட்டக் கல்வி முடித்து ஈராண்டே ஆகியிருந்த ஸ்டான்லி ஹெர் என்னும் இளைஞர் அதில் முன்னின்று வாதாடினார். கல்வித் துறை ‘பணமில்லை’ என்றது. நீதிபதி ஜோசப் வாடி அதனை ஏற்கவில்லை. பணம் போதாதாயின் அக்குறையை எல்லா மாணவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உடற்பேறு குறைந்த குழந்தையின் தலையில் மட்டும் அதனைச் சுமத்துதல் ஆகாது என்றார். இவ்விரு தீர்ப்புகளின் வழியே 1975இல் நாடு தழுவிய கல்விச் சட்டம் பிறந்தது. எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட உடற்பேறு குறைந்த குழந்தைகளுள் பத்து இலட்சம் பேர் பொதுப் பள்ளிகளினின்று முற்றும் விலக்கப்பட்டுள்ளனர் என அச்சட்டமே பதிவு செய்தது.

சட்டம் பிறந்ததோடு போராட்டம் ஓயவில்லை. செவிப்புலன் குறைந்த சிறுமி எமி ரௌலிக்கு வகுப்பறையில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் எனப் பெற்றோர் கோரினர். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. 1982இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, அவருக்காக வாதாடிய மைக்கேல் சாட்டாஃபும் செவித்திறன் இழந்தவர். நீதிபதிகள் கேட்ட வினாக்கள் உடனுக்குடன் எழுத்துகளாகி ஒரு திரையில் தோன்ற, அவற்றைப் படித்து விடையளித்தார். அம்மன்றத்தில் வாதாடிய முதல் செவித்திறனற்ற வழக்கறிஞர் அவரே. ஆயினும், சிறுமி வகுப்புக்கு வகுப்பு தேறி வருகிறாள், அதுவே போதும் என்னும் கருத்தில் ஆறு நீதிபதிகள் எதிராகத் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். பெயரளவான முன்னேற்றம் போதாது என அதே மன்றம் ஒருமனதாகக் கூற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வழக்கறிஞரின் ஊதியமும் சிக்கலாயிற்று. இத்தகைய கல்வி வழக்குகளில் வென்ற பெற்றோர் எதிர்த்தரப்பிடமிருந்து வழக்கறிஞர் கட்டணம் பெற இயலாது என 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றாலும் கடனாளி ஆகும் நிலை! 1986இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவ்வுரிமையை மீட்டளித்தது. எனினும் 1996இல் வேறொரு தடை வந்தது. நடுவணரசின் நிதி பெறும் சட்ட உதவி நிலையங்கள் ஒரு கூட்டத்தார் அனைவர்க்குமாகத் தொகுப்பு வழக்குத் தொடுத்தல் கூடாது என விதிக்கப்பட்டது. பென்சில்வேனியக் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தது அவ்வகை வழக்கே என்பதை எண்ணினால் அத்தடையின் கடுமை புலனாகும்.

இச்சூழலில்தான் தனியார் நல்கைகள் வேரூன்றின. 1986இல் சட்ட மாணவர்கள் சேர்ந்து பொதுநலச் சட்டப் பணிக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். நியூயார்க்கின் ஸ்காடன் வழக்கறிஞர் நிறுவனம் தன் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1988இல் ஒரு நல்கையைத் தொடங்கியது. இளம் வழக்கறிஞர் ஒரு பொதுநல அமைப்பைத் தேர்ந்து, அங்கே தாம் ஆற்றவிருக்கும் பணியைத் தாமே வகுத்து விண்ணப்பிப்பார். தேர்ந்தெடுக்கப்படின் இரண்டாண்டு ஊதியம் கிடைக்கும். கல்விக் கடனைச் சுமந்து வருவோர்க்குப் பெருநிறுவனங்கள் மிகுந்த ஊதியம் தர முன்வருகையில், பொருள் குறைந்த பொதுநல அமைப்புகள் புதியவரை அமர்த்த இயலாது தவிக்கும். அவ்விடைவெளியை இந்நல்கை நிரப்புகிறது. உடற்பேறு குறைந்தோர்க்கான பணியை மேற்கொள்பவர் பள்ளியினின்று நீக்கப்பட்ட மாணவரின் விசாரணையில் உடன் நிற்பார். மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளர் கிடைக்காதவர்க்காக முறையிடுவார். சக்கர நாற்காலி செல்லாத பொது அலுவலகத்திற்குச் சட்டத்தை நினைவூட்டுவார்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. இரண்டாண்டு குறுகிய காலம். பெரும் வழக்கு அதனினும் நீளும். ஜார்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கர்டிஸ் என்னும் பெண்மணி, வெளியில் வாழத் தகுதியுடையவர் என மருத்துவர் கூறியும் அரசு மனநல மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அட்லாண்டா சட்ட உதவி நிலையத்தைச் சேர்ந்த சூ ஜேமிசன் 1995இல் அவருக்காக வழக்குத் தொடுத்தார். பின்னர் எலெய்ன் வில்சன் என்பவரும் அவ்வழக்கில் இணைந்தார். 1990இல் இயற்றப்பட்ட உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின்படி, தேவையின்றி ஒருவரை ஒதுக்கி அடைத்து வைத்தல் பாகுபாடே என உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. நான்காண்டுக் காலம் ஒரு நிலையம் தளராது நின்றதன் பயன் அது. நல்கை முடிந்ததும் இளைஞர் விலகிச் செல்வாராயின் அத்தகைய வழக்கை யார் தொடர்வார்? மேலும், நல்கை பெறுவோர் தொகை சிறிது. கொடுப்போர் மனம் மாறின் அதுவும் நின்றுபோகும். எனவே நல்கை ஒரு தொடக்கமே; நிலைத்த நிலையங்களும் நிலைத்த நிதியும் அதன்பின் வருதல் வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் எழுதிய உரிமை தானே எழுந்து நடப்பதில்லை. அதனைத் தம் பணியாக ஏற்போரும், அவர்களைப் பட்டினியின்றிக் காக்கும் ஏற்பாடும் சேர்ந்தே அதற்கு உயிரூட்டுகின்றன. இவ்வரலாற்றில் ஆசிரியர்க்குத் தனியே ஒரு பாடம் உண்டு. ‘கற்பிக்க இயலாத குழந்தை’ என்னும் சொல்லைப் பள்ளி நிருவாகமே வழங்கி வந்தது. அச்சொல்லை நீதிமன்றத்தில் உடைத்தவர்களுள் கல்வி அறிஞர்களும் இருந்தனர். அவர்கள் சாட்சியம் இன்றி வழக்கறிஞரின் வாதம் வென்றிராது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி ஆசிரியர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு, அக்குழந்தைக்குக் கதவாகவும் அமையலாம், தாழ்ப்பாளாகவும் அமையலாம். எழுதுகோலை எடுக்கும்போது ஆசிரியர் இதனை நினைவிற் கொள்வாராக.