அலுமினியம் பாஸ்பைடு நஞ்சும் மக்னீசிய விவாதமும்

கோதுமையை வண்டுகளிடமிருந்து காப்பதற்கென்றே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் வட இந்தியக் கிடங்குகளிலும் உழவர் வீடுகளிலும் புழக்கத்திற்கு வந்தன. ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை வெளியிடும் அவற்றை உட்கொண்டோர் 1980களிலிருந்து ஹரியானா, பஞ்சாப் பகுதி மருத்துவமனைகளுக்கு மிகுதியாகக் கொண்டுவரப்பட்டனர். இந்நஞ்சிற்கு முறிமருந்து இல்லை. குருதியழுத்தம் வீழ்ந்தும் இதயத் துடிப்பின் சீர் குலைந்தும் பலர் இறந்தனர்.

முறிமருந்து இல்லாத நிலையில் மருத்துவர்களின் கவனம் குருதியின் மின்பகுளிகள்மேல் திரும்பியது. பொட்டாசியம் குறைவதற்கு வாந்தியே போதிய விளக்கமாயிற்று. மக்னீசியமோ நீண்ட விவாதத்திற்கு உள்ளாயிற்று. ரோத்தக்கிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் சில, அது குறைவதாகக் கண்டு, மக்னீசியம் சல்பேட்டைச் சிரை வழியே செலுத்தினால் இறப்பு குறையும் என்றன. வேறு சில ஆய்வுகள் அது மிகுவதாகவும், இன்னும் சில மாற்றமே இல்லை எனவும் கூறின. நஞ்சு ஒன்றே, காலமும் ஏறத்தாழ ஒன்றே.

இம்முரணை ஆய்வாளரின் கவனக்குறைவாகக் கொள்வது நேர்மையன்று. உடலிலுள்ள மக்னீசியத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடே குருதி நீர்மத்தில் உள்ளது. எஞ்சியது எலும்பிலும் உயிரணுக்களிலும் தங்கியிருப்பது. உயிரணு சிதைந்தால் அது குருதிக்குள் கசியும், சிறுநீரகம் செயலிழந்தால் தேங்கும், வயிற்றுப்போக்கால் வெளியேறும். நஞ்சுண்ட எத்தனையாவது மணியில் குருதி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தும் அளவு மாறக்கூடும். எனினும், குறைபாடு ஐயத்திற்குரியதாக இருந்தபோதும் மக்னீசியம் சல்பேட் தொடர்ந்து செலுத்தப்பட்டது. இதயத் துடிப்பை நிலைப்படுத்தும் அதன் இயல்பே அதற்குப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டது.