பீறிடும் பால்

பால் குடித்த குழந்தை கடைவாயில் சிறிது கக்கினால் துடியலூர்ப் பாட்டிமார் கவலைப்படுவதில்லை. எடை ஏறிவரும்வரை அது சரியே. ஆனால் மூன்றாம் வாரத்துக்குப்பின், குடித்த பால் ஒவ்வொரு முறையும் பீறிட்டுத் தெறித்து, குழந்தை உடனே மீண்டும் பசித்து அழுது, எடையும் இறங்கினால்? இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். (வாந்தி பச்சையாக இருந்தால் அது வேறு அடைப்பு, இன்னும் அவசரம்.)

டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்புருங் 1887இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். இரைப்பையைக் குடலோடு இணைக்கும் அறுவையைப் பல பிஞ்சுகள் தாங்கவில்லை. 1911இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ராம்ஸ்டெட் அந்தத் தசையை மட்டும் நீளவாக்கில் கீறினார், உள்சவ்வைத் தொடவில்லை. பிறகு தைக்க முயன்றார். தையலோ தசையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது! பிளவு பிளந்தபடியே நின்றது, குழந்தை பிழைத்தது. அடுத்த குழந்தைக்கு அவர் தசையில் தையலே போடவில்லை. இன்றும் உலகெங்கும் செய்யப்படுவது அந்தத் தையலில்லாக் கீறல்தான்.